ரோசலின் டீயில் கெம்பையனின் மூக்கு

மண்டி மொஹல்லா கடைத்தெருவில் ரோசலினின் டீக்கடைக்கு வருகிறவர்கள் பதினெட்டு வருடமாகப் பார்த்துவரும் ஒரு பழக்கம் உண்டு. இஞ்சியை நசுக்கியதும் குழவியின் முனையை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோவாள். இளசா, முற்றலா, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். பிறகுதான் இஞ்சி தண்ணீருக்குள் போகும்.

மிளகாய் மூட்டை இறக்கித் தொண்டை கமறுகிறவர்களுக்கு இஞ்சியோடு மிளகும் தட்டிப் போடுவாள். வயிறு உப்பிசம் என்று வந்தால் பால் சேர்க்காத இஞ்சித் தண்ணீர். மசக்கைக்காரிகளுக்கு அதிலேயே இரண்டு சொட்டு எலுமிச்சை. காய்ச்சல் என்று யாராவது சொன்னால் மட்டும், "அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, என்கிட்ட எதுக்கு வர்றே?" என்று விரட்டிவிடுவாள்.

போன ஆடி மழையில் காய்ச்சல் அவளுக்கே வந்தது. ஐந்தாம் நாள் எழுந்து கடையைத் திறந்தாள். இஞ்சியை நசுக்கி மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றுமே இல்லை. ஒரு துணுக்கை வாயில் போட்டாள். நாக்கில் சுருக்கென்று எரிந்தது, வாசனைதான் வரவில்லை. டீத்தூள் டப்பாவுக்குள் முகத்தை விட்டுப் பார்த்தாள். அதுவும் இல்லை.

"பெரும்பாலும் திரும்பிடும். எத்தனை நாள்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நர்ஸாக இருக்கும் மகள் ஜெனிஃபரிடம் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால், கடையை மூடும்மா என்பாள். அந்தத் தெருவில் டீக்கடைக்குப் பஞ்சமில்லை. ரோசலினைத் தேடி வருவது அவள் இஞ்சிக்காகத்தான். அது போனால் கடை போனதுதான்.

குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்தாள். பச்சை வாடை போகும்வரை இஞ்சியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டுத்தான் பாலை ஊற்ற வேண்டும். முந்தினால் பால் திரிந்துவிடும். இது கடை போட்ட முதல் மாதமே கற்றுக்கொண்ட பாடம். மூன்றாம் நாள் அதே தப்பைச் செய்தாள். இரண்டு லிட்டர் பாலும் திரிதிரியாகப் போயிற்று. எதிரே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னைக்குப் பால் சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். 

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவன் கெம்பையன். எதிரே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். கன்னடக்காரன், தமிழை அந்தத் தெருவிலேயே பொறுக்கிக்கொண்டவன்.

"ஏனக்கா, பால் அடிபிடிச்சு ரோடு வரைக்கும் நாறுது. நீங்க சாமி சிலை மாதிரி நிக்கிறீங்க?"

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்கு எதுவும் தெரியல கெம்பையா. மூக்கு செத்துப்போச்சு."

அவன் சிரிக்கவில்லை. அடுப்பருகே வந்து குனிந்தான். "சரி, வேற பாத்திரம் வைங்க. மூக்குதானே? என் மூக்கு இருக்கு, பெருசாவே இருக்கு."

அன்றிலிருந்து விடிந்ததும் அவன் ஆட்டோ கடை வாசலில் நின்றது. இஞ்சி கொதிக்கும்போது ஆவியில் முகத்தைக் காட்டுவான். "ஸ்வல்ப இரு... இன்னும் பச்சையா இருக்கு... ஆயித்து, ஊத்துங்க" என்பான். முதல் கிளாஸை அவனே குடித்துப் பார்த்து, "காரம் ஜாஸ்தி" என்றோ, "இதுதான் ரோசலினக்கா டீ" என்றோ தீர்ப்புச் சொல்வான். அதற்குப் பிறகே மற்றவர்களுக்கு. ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. பகலில் அவன் சவாரியில் இருக்கும்போது காலையில் எடுத்த அதே இஞ்சியை, அவன் சொன்ன அதே நேரம் கடிகாரம் பார்த்துக் கொதிக்கவிட்டாள்.

நாற்பத்தோராம் நாள் மழையில் நனைந்துவந்து அவன் பாத்திரத்தின் மேல் குனிந்தான். ரோசலின் முகத்தைச் சுளித்தாள்.

"சீ, தள்ளி நில்லு! சட்டையைத் துவைச்சு எத்தனை நாளாச்சு?"

"திங்கட்கிழமை தொவச்சது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, இன்னொரு தடவ திட்டுங்க!"

"நாறுதுடா! ஐயோ, மாதாவே, நாறுது!" அவள் சிரித்தாள், அழுதாள், கரண்டியைக் கீழே போட்டாள். நாற்பது நாளாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது. இஞ்சி வாசனை முழுசாக வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. வந்தது.

அதன் பிறகுதான் கடையில் மூக்கு போயிருந்த விஷயத்தைச் சொன்னாள். "மூக்கு போயிருந்துச்சா? எப்படிக்கா சரியாச்சு?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான்.

"எல்லாம் இஞ்சிதான்." பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. "அப்படின்னா எனக்கு ரெண்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஓரத்தில் நின்றிருந்த கெம்பையனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி மல்லம்மா வந்தாள். "அக்கா, இனி அவருக்கு இஞ்சி கொடுக்காதீங்க. வயித்துல புண்ணு. காரம் கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த ஒன்றரை மாசமா ராத்திரியெல்லாம் வயித்தப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தார். இப்பத்தான் தேவல."

மறுநாள் ரோசலின் அவனிடம் கேட்டாள். "ஏன்டா சொல்லல?"

"ஊருக்கெல்லாம் இஞ்சி நல்லதுன்னு சொல்ற ஆள்கிட்ட, எனக்கு மட்டும் ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? ருசி பாத்துட்டுத் துப்பினா ஜனங்க பாப்பாங்களே." ஒரு வெறும் பால் வாங்கிக் குடித்துவிட்டு சவாரிக்குப் போய்விட்டான்.

இப்போது தெருவெல்லாம் ஒரே பேச்சு, ரோசலினுக்கு மூக்கை இஞ்சி திருப்பிக் கொடுத்தது என்று. மூக்கடைப்போடு புது ஆட்களும் வருகிறார்கள். இல்லை, இஞ்சி இல்லை, மூக்கு தானாக வந்தது, அதுவரை கடையைக் காப்பாற்றியது அதோ அந்த ஆட்டோக்காரன் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். தினமும் வாயெடுக்கிறாள். அதற்குள் யாராவது கிளாஸை நீட்டிவிடுகிறார்கள். இன்னும் சொல்லவில்லை.