மாஸ்டர் வீட்டு ஆங்கிலம்

'டேக்' என்ற ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வகுப்பை ஓட்டுகிற ஆள் அவர். அதனாலேயே அவருக்கு டேக் மாஸ்டர் என்று பெயர். மாத்திரை போட்டுக்கொள்வதற்கும் டேக், பஸ்ஸில் போவதற்கும் டேக், குளிப்பதற்கும் டேக். கூடவே ஒரு 'ஆஃப்' சேர்த்தால் செருப்பைக் கழற்றலாம், விமானமும் கிளம்பிவிடும். டயர் கடைக்கு மேலே மாடியில் நடக்கும் சாயங்கால ஆங்கில வகுப்பில், கீழேயிருந்து ஏறிவரும் ரப்பர் வாடையையும் சுத்தியல் சத்தத்தையும் மீறி அவர் இதைச் சொல்லச் சொல்ல, நாள் முழுக்க நின்று கால் கடுத்துப்போய் வந்த கடைப் பெண்களும் டிரைவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

பிளந்த வாய் கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட ஆரம்பிக்கும். அதற்கும் மாஸ்டரிடம் மருந்து இருந்தது. "எங்க வீட்டம்மா இதை எப்படிச் சொல்லுவாங்க தெரியுமா?" என்று தொடங்குவார். பசி எடுக்கிறது என்பதை அப்படியே ஆங்கிலத்தில் தூக்கிப்போட்டு, "ஹங்கர் டேக்கிங், சீக்கிரம் கம்" என்று கூப்பிடுவாளாம். வகுப்பே வயிறு குலுங்கச் சிரிக்கும். புதிதாகச் சேருகிறவர்கள்கூட, "அந்த வீட்டம்மா கதை எப்ப சார் வரும்?" என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

கட்டுக்கதை ஒன்றுமில்லை. அவர் மனைவி சட்டை தைக்கிற தொழிற்சாலையில் பல வருஷமாக மிஷினே கதி என்று இருப்பவள். சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. துணி மடித்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்லிப் பார்ப்பாள். "ஏங்க, இது சரியா?" என்பாள்.

"சரிதான், சரிதான்."

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லுவார். சோம்பேறித்தனம் என்று நாமும் பெரிய மனது பண்ணி விட்டுவிடலாம். உண்மை அதைவிட மட்டமானது. திருத்திவிட்டால் மறுநாள் வகுப்பைச் சிரிக்கவைக்க என்ன இருக்கும்? ஊரார் பிழையையெல்லாம் திருத்திப் பிழைக்கிற மனுஷன், சொந்த வீட்டுப் பிழையை மட்டும் தண்ணீர் ஊற்றி வளர்த்து வந்தார்.

இன்டர்வியூ அன்று காலை அவள் கண்ணாடி முன்னால் நின்று தலையை இரண்டு தரம் வாரினாள்.

"பயப்படாம பேசு. உனக்கென்ன, நல்லாத்தானே பேசற" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டரே சொல்லியாச்சு, இனிமே என்ன" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டாள். பையை ஆணியில் மாட்டினாள், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"கெடைக்கல."

"விடு, அவங்களுக்குக் குடுத்து வைக்கல."

"மொதல்ல நல்லாத்தாங்க போச்சு. மூணு பேர் உக்காந்திருந்தாங்க. வேலை நடுவுல யாராவது சோர்ந்துபோனா என்ன செய்வேன்னு கேட்டாங்க. ஹங்கர் டேக்கிங் டைம், ஐ கிவ் ரெஸ்ட்டுனு சொன்னேன். நீங்க சரின்னு சொன்னதுதானே, தைரியமாத்தான் சொன்னேன். ஓரத்துல குறிப்பு எழுதிக்கிட்டு இருந்த ஆபீஸ் சின்னப் பொண்ணு களுக்குன்னு சிரிச்சிடுச்சு. பாவம், அடக்கப் பாத்துச்சு, முடியல. அப்புறம் மத்த ரெண்டு பேர்கிட்ட சொல்லுது, 'சாரி சார், எங்க டேக் மாஸ்டரோட வீட்டம்மா இப்படித்தான் பேசுவாங்களாம், வகுப்புல சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்'னு. அதுக்கப்புறம் அவங்களும் சிரிச்சாங்க."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிட்டது. முன் வரிசையில் உட்கார்ந்து, இன்னொரு தரம் சொல்லுங்க சார் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தவள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கேட்டவள் அவள், சொன்னவர் இவர். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு.

"நீ... நீ என்ன சொன்ன?"

"நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வேற என்ன செய்யறது?" டீத்தூளைப் போட்டுக் கிளறினாள். "அந்த வீட்டம்மா நான்தான்னு சொல்லல. அந்தப் பொண்ணு உங்க மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்கு தெரியுமா? கதையில்ல, நெசம்னு தெரிஞ்சா, மனுஷன் வீட்டுல கட்டின பொண்டாட்டிக்கே சொல்லிக் குடுக்கலையான்னு நெனச்சிடுமே. உங்களுக்குத்தானே அசிங்கம்."

அவள் கரண்டியைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியாவது தப்பித்திருப்பார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. கூனிக் குறுகி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் டீயை வடிகட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்."

"கேளு."

"இன்னிக்கு நடந்தத மட்டும் வகுப்புல சொல்லிடாதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சித்தான் கேட்டாள்.