கவலை இறைத்துப் பழகிய கயிறு இழுப்பு

என் வீட்டுக்காரர் நாமக்கல் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் சேர்ந்த நாள் முதல் பென்ஷன் வாங்கும்வரை ட்ரில் மாஸ்டர். அந்த உத்தியோகத்தை அவருக்கு நிலைக்க வைத்தது நான்தான்.

யுத்தத்துக்கு முந்திய காலம். கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் பையன்கள் ஓமலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திடம் வருஷா வருஷம் தோற்றார்கள். தலைமை வாத்தியார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தோத்தா ட்ரில் மாஸ்டர் வேலையே கிடையாது. நீர் வேற ஊர் பாத்துக்கும்."

பள்ளிக்கூடத்துக் கயிறோ இற்றுப்போயிருந்தது. எங்கள் அப்பா தோட்டத்திலும் ஒரு தொல்லை: கிணற்றுத் தண்ணீரை மேலே இறைக்கும் கவலையை இழுக்கிற மாடு ஒன்று காலை நொண்டிக்கொண்டு படுத்துவிட்டது, மிளகாய்ச் செடி வாடி நின்றது.

"ஏனுங்க மாப்பிள்ளை," என்றார் அப்பா. "பசங்க கயிறு இழுக்கத்தானே பழகோணும்? நம்ம கெணத்துலயும் கயிறு இருக்குதுங்க. கூட்டியாங்க."

மாட்டுக்குப் பதில் பையன்கள் கயிற்றைப் பிடித்தார்கள். கிணற்றைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து இழுத்தால், தண்ணீர் நிறைந்த தோல் பையான சால் மேலே வரும். தண்ணீர் சளசளவென்று தொட்டியில் கொட்டும். கொட்டும் சத்தம் கேட்டதும் இழுப்பதை விட்டுவிட்டு, சால் இறங்குவதற்காகக் கயிற்றோடு முன்னால் நடக்க வேண்டும். சத்தம் நின்றதும் மறுபடி இழுப்பு. மிளகாய் தளதளவென்று வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலி மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங் வாத்தியாரே, நம்ம கடலைக்காட்டுக்கும் ரெண்டு நாளைக்கு அனுப்புவீங்களா?" என்றுகூடக் கேட்டார்.

போட்டியன்று மூன்று ஆட்டம். இரண்டு ஜெயிப்பவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் எங்கள் பையன்கள் இழுத்த இழுப்பில் ஓமலூர்க்காரர்கள் கோட்டுக்கே வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பந்தலில் தலைமை விருந்தாளி லட்டு தின்ற கையை நீட்ட, பியூன் குடத்துத் தண்ணீரைச் சாய்த்தான். சளசள. எங்கள் பையன்கள் முகம் தெளிந்து, கயிற்றைத் தளர்த்தி, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி எதிராளியிடம் நடந்து போய்விட்டார்கள்.

நான் பொம்பளைகள் கூட்டத்திலிருந்து எழுந்து என் வீட்டுக்காரரிடம் போனேன். "ஏனுங்க, தண்ணிச் சத்தமுங்க. சால் கொட்டிருச்சுன்னு போயிட்டாங்க."

"போ அந்தப் பக்கம். இது ட்ரில்லு, உனக்கென்ன தெரியும்?"

நான் பந்தலுக்குப் போய்க் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கொடத்த உடுங்கம்மா. ஐயா கை பிசுபிசுங்குதாம்," என்றான் பியூன்.

"பிசுபிசுங்கட்டும். ஊட்டுக்குப் போயிக் களுவச் சொல்லு."

இரண்டாவது ஆட்டம் எங்களுக்கு.

மூன்றாவதில் ஓமலூர்ப் பையன்கள் குதிகாலை மண்ணில் புதைத்து, ஆகாசத்தைப் பார்த்தபடி சாய்ந்து இழுத்தார்கள். எங்கள் பையன்கள் சறுக்கிக்கொண்டே போனார்கள். இன்னும் ஒரு முழம் போனால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். குடத்தைக் கவிழ்த்தேன்.

பையன்கள் சட்டென்று இழுப்பதை விட்டு முன்னால் நடந்தார்கள். ஓமலூர்ப் பையன்கள் ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்து விழுந்தார்கள். கடைசியில் நின்ற குண்டுப் பையன் எல்லோருக்கும் அடியில் கிடந்தான். குடம் காலியாகிச் சத்தம் நின்றது. உடனே எங்கள் பையன்கள் குனிந்து, கிடந்தவர்களை அப்படியே சால் மாதிரி கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள்.

அவர்களுடைய மாஸ்டர் நடுவரிடம் ஓடினார். "அந்தம்மா தண்ணி ஊத்துனாங்க சார்!"

"ஊத்தினா?" என்றார் நடுவர்.

கோப்பை எங்களுக்கு வந்தது.

தலைமை வாத்தியார் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விட்டுப் பிடிச்சீரே ஓய்! நீர் இங்கேயே இரும். எங்கேயும் போக வேண்டாம்."

"ட்ரில்லுங்க சார்," என்று இவர் மீசையைத் தடவினார்.

வண்டியில் திரும்பும்போது, "கொடத்தக் கவுத்தது ஆருங்க?" என்று கேட்டேன்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டி மாட்டைப் பார்த்தார். "கை தவறிருச்சாக்கும்னு நெனச்சேன்," என்றார்.

கோப்பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் வரும்வரை கொடுக்கவில்லை.