மினுக்குச் சேறு

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், படம் வரைய அதிராம்பட்டினம் உப்பங்கழிக்குப் போவேன். அங்கே நண்டு பிடிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். குச்சியால் குத்திப் பார்க்காமல் ஓர் அடி வைக்கமாட்டார்.

ஒருநாள் என் படத்தைப் பார்த்தார். “எல்லாச் சேத்தையும் ஒரே நிறமா போட்டுட்டீங்களே சார். நண்டு வளை இருக்கிறது மங்கலா இருக்கும், ஆளைத் தாங்கும். மினுக்குறது உள்ள இழுத்துரும். இதை நம்பி யாராச்சும் இறங்கிட்டா?”

“படம்தானேம்மா,” என்று சிரித்தேன்.

“எங்கண்ணன் அதுல இறங்கித்தான் செத்தாரு,” என்றார்.

சேற்றுக்குப் போட்டிருந்த பழுப்பைக் கழுவிவிட்டு மறுபடி தீட்டினேன். சேற்றில் மினுக்கு வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.

படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் அழகு என்கிறார்கள். எனக்கோ அந்த மினுக்கும் இடத்தைப் பார்த்தால் காலைப் பின்னுக்கு இழுக்கத் தோன்றுகிறது.