நம்பாதவர் அடிக்கும் ஜெப மணி

எசேக்கியா அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய அப்பா. சபையில் மூப்பராக இருந்தவர். வேதத்தில் வருகிற பக்தியுள்ள ராஜாவின் பெயரை வைத்துவிட்டால் பக்தியும் தானாக வந்து பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியிருக்கிறார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நான் அவருக்குப் பக்கத்து வீடு, அம்மா வழியில் தங்கை முறை. கர்த்தர்மேல் எனக்குள்ள விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது எனக்காக உபவாசம் இருக்கக் கிளம்பிவிடுவார்கள். தென்கடல் நடுவே இருக்கிற எங்கள் சவாயித் தீவில் மனிதர்கள் அவ்வளவு நல்லவர்கள். அந்த நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து எசேக்கியா அண்ணனை ஊரைவிட்டு அனுப்புவதா வேண்டாமா என்று பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் தனக்கு நம்பிக்கை இல்லை என்பதை மேடை போட்டுச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஆலயத்துக்குப் போகும்போது, அவர் வாசலில் உட்கார்ந்து கோக்கோ குடித்துக்கொண்டிருந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டவர்களிடம், உடம்பு நன்றாக இருக்கிறது, நம்பிக்கைதான் இல்லை என்றார்.

ஊர் அதை ஒரு நோயாக எடுத்துக்கொண்டு காரணம் தேடியது. நியூசிலாந்து போய்க் கெட்டுப்போனார் என்றார்கள். அவர் எங்கள் தலைநகர் ஆப்பியாவைத் தாண்டிப் போனதே இல்லை. புத்தகம் படித்துக் கெட்டார் என்றார்கள். அவர் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் வேதம்தான். அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் ஊரில் அவர் ஒருவர்தான் என்பது தெரிந்ததும் அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டோம். பெண்டாட்டி செத்த துக்கம் என்று மூப்பர் லஃபாயேலே உருக்கமாகச் சொன்னார். அப்போது அண்ணி ஃபெதூ அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

என்னிடம் ஒருநாள் அண்ணனே சொன்னார். “சேப்பங்கிழங்குத் தோட்டத்துல களை எடுத்துட்டிருந்தேன் தங்கச்சி. நடுவுல பார்த்தா நம்பிக்கையக் காணோம். எப்பப் போச்சுன்னு தெரியல. கொஞ்சம் தேடிப் பார்த்தேன். சரி போகட்டும்னு மீதிக் களையையும் எடுத்துட்டு வந்துட்டேன்.”

இதையாவது மன்னித்திருப்போம். மன்னிக்க முடியாதது அவர் சந்தோஷமாக இருந்ததுதான். கடவுளை விட்டவன் தூக்கம் கெட்டு, கன்னம் ஒட்டி, மழையில் நனைந்த கோழி மாதிரி திரிய வேண்டாமா? இவர் மத்தியானம் பாயில் சாய்ந்தால் குறட்டை எங்கள் வீடு வரை வரும். வட்டாரத்து நர்சம்மா வந்து ஊரில் எல்லோருக்கும் இரத்தக் கொதிப்பு பார்த்தபோது, ஜெபக்குழுவில் பாதிப் பேருக்கு மாத்திரை எழுதினார். அண்ணன் கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டு, இப்படியே இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்கள் அந்த நர்சம்மாவுக்காகவும் ஜெபித்தோம்.

பிறகு நிஜமாகவே அண்ணி செத்துப்போனாள். எங்கள் வழக்கப்படி வீட்டு வாசலிலேயே புதைத்து, மேலே சிமெண்டு பூசினார்கள். சாயங்காலம் ஆனால் அண்ணன் கோக்கோவை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லறைமேல் போய் உட்காருவார். பரலோகத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆறுதல் சொல்லப் போனேன்.

“பார்த்துட்டிருந்தா திட்டாம இருப்பாளா?” என்றார். “அவ இல்லம்மா. ஆனா இங்க உக்காந்தா எனக்கு நல்லாருக்கு. அது போதும்.”

இனி மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் ஊரில் மணி அடித்தால் எல்லோரும் வீட்டுக்குள் போய்க் குடும்பமாக ஜெபம் செய்ய வேண்டும். மறுபடி அடிக்கும் வரை தெருவில் ஆள் நடக்கக் கூடாது, வண்டி ஓடக் கூடாது. மணி என்பது ஈரப்பலா மரத்தில் தொங்கவிட்ட காலி கேஸ் சிலிண்டர். அதை ஒரு இரும்புக் கம்பியால் அடித்துவிட்டு, ஜெபம் முடியும் வரை தெருவைக் காவல் காக்க ஆள் வேண்டும். காவல் காப்பவனுக்கு ஜெபம் கிடையாது. இளவட்டங்கள் இந்தத் தியாகத்துக்குப் போட்டி போட்டார்கள். ஜெபத்தைத் தியாகம் செய்துவிட்டு மரத்தடியில் சிகரெட் பிடிக்கலாம்.

அண்ணன்தான் ஊர்ச் சபையில் போய்ச் சொன்னார். நான் எப்படியும் ஜெபம் பண்ணப் போவதில்லை, கம்பியை என்னிடம் கொடுங்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஜெபிக்கட்டும் என்றார். யாருக்கும் மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரைப் போல ஒழுங்காக ஜெபிக்கிற ஊர் தீவிலேயே இல்லை. மழையோ புயலோ, மணி நேரத்துக்கு அடிக்கும். பேருந்து வந்தால் அண்ணன் கையை விரித்து நடுத்தெருவில் நிற்பார். பிற சபைக்காரர்கள் எங்கள் பக்தியைப் பார்த்து வியந்து போனார்கள். அதன் சூத்திரதாரி யார் என்று நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் புதுப் போதகர் மலாகி வந்தார். இறையியல் கல்லூரியிலிருந்து நேராக வந்தவர், சட்டையின் மடிப்பு கூடக் கலையவில்லை. ஜெப மணியை அடிப்பவர் ஜெபிப்பதில்லை என்று கேள்விப்பட்டதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். அன்று மூன்று வீட்டு விருந்து என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஊர்ச் சபையைக் கூட்டினார். நான் பெரியவர்களுக்குக் கோக்கோ கொண்டுபோனவள், அங்கேயே தங்கிவிட்டேன்.

“கர்த்தர் உங்களுக்குச் சுயசித்தம் குடுத்திருக்காரு,” என்றார் போதகர் அண்ணனிடம். “நீங்களா விரும்பி அவரைத் தெரிஞ்சுக்கணும்.”

“விரும்பலன்னா ஐயா?”

“ஊரை விட்டுப் போகணும்.”

“ரொம்பத் தாராளமான சுயசித்தம்தான்,” என்றார் அண்ணன்.

ஊர்த்தலைவர் முலிதாலோவுக்கு இருமல் வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் நின்றதும், “விசுவாசிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேண்டா. உன்னைப் பிளந்தா பார்க்கப் போறோம்?” என்றார்.

“சொல்லிடலாம் பெரியப்பா. வாய் என்னோடதுதான். ஆனா நம்பிக்கை என்ன கூடையில கிடக்கிற கிழங்கா, கையை விட்டு எடுத்துக்க? நானா விரும்பி எடுத்துக்கிட்டது அந்தக் கம்பி ஒண்ணுதான்.”

அந்தக் கம்பியை வாங்கி மூப்பர் லஃபாயேலே கையில் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கான வெள்ளை ஞாயிறு பண்டிகை வரைக்கும் தவணை. அன்று ஆலயத்தில் எழுந்து நின்று விசுவாசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டையும் வாசலில் இருக்கிற அண்ணியையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். அண்ணன் வீட்டுக்குப் போய்க் கல்லறையைக் கழுவி, புதிதாக வெள்ளையடித்தார். அவர் கோக்கோவைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூப்பர் முதல் நாள் மணியை அடித்தபோது நன்றாகவே இருட்டிவிட்டது. வாலிபால் ஆட்டம் முடியவில்லை, அவர்தான் நடுவர். அடுத்த நாள் கம்பி எங்கே வைத்தோம் என்று தேடினார். அதற்கடுத்து அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது, அதில் நேரமும் தெரிந்தது. மணி அடிக்காமல் ஜெபித்தால் கர்த்தருக்குக் கேட்காது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் ஜெபித்துச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. மகளிர் குழுவின் பிங்கோ என்கிற எண் ஆட்டம் சாயங்காலத்துக்கு நகர்ந்தது. பேருந்து பாட்டைப் போட்டுக்கொண்டு ஊர் நடுவே பாய்ந்து போனது. போதகர் வீட்டில் மட்டும் ஜெபம் நடந்தது. அவர் கண்ணை மூடி ஆமென் சொல்லும்போது பக்கத்துக் கூடத்தில் யாரோ பிங்கோ என்று கத்தினார்களாம்.

வெள்ளை ஞாயிறு வந்தது. பிள்ளைகள் வசனம் சொன்னார்கள், நாங்கள் கண் துடைத்தோம். அண்ணன் வரவே இல்லை. மறுநாள் ஊர்ச் சபை கூடியது. அனுப்பவும் மனசில்லை, சும்மா விடவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பெரியவர்கள் வெகுநேரம் யோசித்து ஒரு தண்டனை கண்டுபிடித்தார்கள். எசேக்கியா அவிசுவாசத்தை விடும்வரை தினமும் சாயங்காலம் ஜெப மணி அடித்து, தெருவைக் காவல் காக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

“மாட்டேன்,” என்றார் அண்ணன்.

முலிதாலோ பெரியப்பாவுக்கு இந்த முறை இருமல் வரவில்லை.

“தண்டனைன்னா அடிக்க மாட்டேன். ஊரை விட்டுப் போகச் சொன்னீங்கன்னா போறேன். அது உங்க அதிகாரம். ஆனா மணி நானா அடிச்சது. நீங்க அடிக்க வெச்சா அது வேற மணி.”

சபை கலைந்தது. அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு சட்டையை ஒரு பைக்குள் வைத்தார். கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, கேட்டால் கர்த்தர் எதையும் செய்வார் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு வார்த்தைதான் வரவில்லை.

பொழுது சாயப் போகிற நேரத்தில் போதகர் மலாகி வந்தார், கையில் கம்பியோடு. சட்டை மடிப்பு கலைந்திருந்தது. கல்லறைக்கு முன்னால் வந்து நின்றவர், பையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். இறையியல் கல்லூரியில் இதற்குப் பாடம் வைத்திருக்க மாட்டார்கள்.

“அண்ணே, முடிஞ்சா அடிக்கிறீங்களா?” என்றார். “எனக்காக.”

“கேட்டா அடிக்கிறேன் ஐயா. இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமே?”

அண்ணன் கம்பியை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். மணி கேட்ட அடுத்த நொடி பிங்கோக் கூடம் காலியானது. நான் ஓடிப்போய்ப் பாயை விரித்தேன்.

சபையின் தண்டனை இன்றும் அமலில்தான் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அண்ணன் மறுப்பதில்லை. அவர்களும் சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா.

அவர் மனந்திரும்ப வேண்டும் என்று நான் தினமும் ஜெபிக்கிறேன். மணி அடித்த பிறகுதான். ஆனால் அவர் மனந்திரும்பி வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபிக்கத் தொடங்கிவிட்டால், பிறகு கம்பி லஃபாயேலே கைக்குத்தான் போகும். அதனால் அந்த ஒரு ஜெபத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். கர்த்தருக்குக் கேட்கட்டும். அவசரம் இல்லை.