போர்வெல் மோட்டாரும் ஓசிக் கையேடும்

பொருளைக் காசுக்கு விற்றுவிடலாம். ஒன்றை ஓசியில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மெயில் ஐடி கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் எங்கள் தொழிலின் அருமை. இணையதளத்தில் 'இலவசக் கையேடு, இங்கே அழுத்தவும்' என்று பொத்தானை வைத்துவிட்டு, யாராவது அழுத்துவார்களா என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது கோவை கணபதியில் போர்வெல் மோட்டார் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். வாரண்டி கார்டுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் என் வேலையாக இருந்தது. ஆன்லைனில் ஒரு வகுப்பு முடித்த தைரியத்தில், நானாகவே போய் மார்க்கெட்டிங்கைக் கேட்டு வாங்கினேன். வினையை விலை கொடுத்து வாங்குவது என்பார்களே, அதுதான்.

காலண்டரோடு மோதினேன்

எங்கள் முதலாளி வருஷா வருஷம் தினசரிக் காலண்டர் அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பார். அந்தக் காலண்டர் தொங்காத வீடு அன்னூர்ப் பக்கம் கிடையாது என்பது அவருடைய பெருமை. அவரிடம் போய், இந்த ஒரு வருஷம் காலண்டரை நிறுத்திவிட்டு அந்தச் செலவை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். விவசாயிக்கு உபயோகமான கையேடு ஒன்றை இணையத்தில் இலவசமாக வைப்போம், வேண்டுகிறவர்கள் மெயில் ஐடி கொடுத்து எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் அவ்வப்போது மெயில் அனுப்பி நம்மை மறக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன்.

அவருக்குக் கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். அன்றைக்குத் தெலுங்கு வரவில்லை, அதுவே எனக்குப் பெரிய தெம்பு. ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசிக்குக் காலண்டர் ஆர்டர் கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். அதுவரைக்கும் எனக்கு அவகாசம் தந்தார்.

"அதுக்குள்ள அந்த மெயில்ல ஒரே ஒரு மோட்டார் வித்துக் காட்டுங்க அம்மணி. இல்லீன்னா காலண்டர் சிவகாசிக்குப் போகும், நீங்க வாரண்டி கார்டுக்குப் போயிருங்க."

பிழைப்பில் மண்

முதல் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் எங்கள் மோட்டாரின் புகழைத்தான் பாடியிருந்தேன். அதைப் படித்த டீலர் ஒருவர், இது புஸ்தகமா நோட்டீஸா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் சர்வீஸ் பிரிவின் துரைசாமி அண்ணனைப் பிடித்து உட்கார வைத்தேன். 'மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை' என்று புதுக் கையேடு தயாரானது. ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று பேஸ் விளக்கும் எரிகிறதா, ஆம்பியர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது, எந்தச் சத்தம் வந்தால் உடனே அணைக்க வேண்டும் என்று எல்லாம் படத்தோடு இருந்தது.

சொல்லும்போது அண்ணன் உற்சாகமாகத்தான் சொன்னார். அச்சிட்டுக் கையில் கொடுத்ததும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், முகம் வாடிக்கொண்டே வந்தது.

"நம்ம பொழப்பையே பொஸ்தகமாப் போட்டு ஓசில குடுத்துப்போட்டியே கண்ணு."

கண்காட்சியில் ஒரு வாழைத்தார்

வேளாண் கண்காட்சியில் ஸ்டால் போட்டோம். கியூ.ஆர். கட்டத்தைப் பெரிதாக அச்சடித்து, 'இலவசம்' என்று சிவப்பில் எழுதி வைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களிடம் அந்த வார்த்தையை எழுதியது எவ்வளவு பெரிய தப்பு என்று அரை மணி நேரத்தில் புரிந்தது. வந்து படிப்பார்கள், நல்லா இருக்குதுங்க என்பார்கள், சும்மா எப்படிங்க வாங்கறது என்று கூச்சப்பட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஓசி என்று தெரிந்தால் கையை நீட்டாத ஊரில் ஓசி வியாபாரம் பண்ண வந்திருக்கிறேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அன்னூரிலிருந்து வந்த வேலுச்சாமி என்ற பெரியவர் மட்டும் நின்று நிதானமாக எல்லாம் கேட்டார், பிறகு அவரும் போய்விட்டார். மறுநாள் காலையில் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து எங்கள் மேசையில் வைத்தார். கணக்கு நேராகிவிட்டதாம், இனிமேல் புஸ்தகத்தைக் கொடுக்கலாமாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் போனை வாங்கி, மெயில் ஐடி சொல்லுங்க என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்தார், அதில் மகனுடைய ஐடி இருந்தது.

"எங்கூட்டு மெயில் ஆஸ்திரேலியாவுல இருக்குதுங்க."

பதில் போகாத மெயில்

வாழைத்தாரைப் பார்த்த பிறகு 'இலவசம்' என்பதை அழித்துவிட்டு, 'உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். கருத்துக்கா நம்மவர்களிடம் பஞ்சம்? ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், மெயில் ஐடிகளும் குவிந்தன. கையேடு கேட்டவர்களுக்குத் தானாகவே ஒரு நன்றி மெயில் போகும்படி அமைத்திருந்தேன். அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப முடியாது, உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரு நாள் சூலூரிலிருந்து விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார். நீங்கள் நன்றி சொல்லி எழுதினீர்கள், நாலு முறை பதில் போட்டும் திரும்பி வந்துவிட்டது, என்னவோ ஏதோவென்று பயந்துவிட்டேன் என்றார். அது இயந்திரம் அனுப்பிய மெயில் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் சொன்னதைக் கேட்டு, அன்றைக்கே பதில் வருகிற முகவரியாக மாற்றினேன், அதுதான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது.

"ஒருத்தர் நன்றி சொல்லி எழுதுனா, பதில் போடாம இருக்கறது மரியாதை இல்லீங்க."

வால்பாறையிலிருந்து ஒரு வேண்டுகோள்

எந்த மெயில் அனுப்பினாலும் முதலில் திறந்து படிக்கிறவர் வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஒருவர். இப்படி ஒரு வாசகர் கிடைத்த பூரிப்பில் நானே போன் செய்து, உங்கள் போர்வெல் எத்தனை அடி என்று விசாரித்தேன். போர்வெல்லே கிடையாது என்றார். பின்னணியில் தகரக் கூரை மேல் மழை கொட்டுவது எனக்கே கேட்டது.

"தண்ணியை நிறுத்தறதுக்கு ஏதாச்சும் கையேடு இருந்தா அனுப்புங்க மேடம்."

கணக்குப் பிரிவின் தீர்ப்பு

ஆடி பிறந்துவிட்டது. பட்டியல் நீண்டிருந்தது, ஒரு மோட்டார்கூட விற்கவில்லை. முதலாளி பட்டியலை அச்சிட்டு வாங்கிப் பார்த்தார். வேலுச்சாமி ஐயாவைப் போலத்தான் எல்லாரும் பண்ணியிருந்தார்கள். பெங்களூரு மகன், சிங்கப்பூர் மகள், சென்னை மருமகன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகவரியாகவே இருந்தது. முதலாளிக்கு அன்றைக்குத் தெலுங்கு வந்தது. நிறையவே வந்தது.

நான் அழாத குறையாக என் மேசைக்குத் திரும்பினேன். வாரண்டி கார்டு மேசையை வேறு யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள், எனக்காகத்தானோ என்னவோ. கணக்குப் பிரிவின் ராஜேஸ்வரி அக்கா ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தண்ணி வேணுங்கறவங்ககிட்ட மெயில் இல்ல, மெயில் இருக்கறவங்களுக்கு குழாயத் திருகுனா தண்ணி வருது. நீ யாருக்கு மோட்டார் விப்பே?"

சாப்பிட்டீங்களா, மோட்டார் ஓடுதா

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஊரில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டீங்களா, மோட்டார் ஓடுதா என்று கேட்டேன். ஓடுது என்றார், வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிற எனக்கே அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கிறவர் என்ன கேட்பார்? ஓடாவிட்டாலும் ஓடுது என்றுதானே எல்லா அப்பாக்களும் சொல்கிறார்கள்?

இரண்டாவது கையேட்டை ஒரே மூச்சில் எழுதினேன். 'அப்பாவின் மோட்டார்: வெளியூரிலிருந்து போனில் கேட்க வேண்டிய கேள்விகள்' என்று தலைப்பு. எத்தனை விளக்கு எரிகிறது, தண்ணீர் முதலில் வந்து பிறகு நின்றுவிடுகிறதா, கடைசியாக மோட்டார் எரிந்து புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டியது எப்போது, இந்த மாதிரிக் கேள்விகள்தான். எங்கள் மோட்டாரைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அனுப்பிய மறுநாள் பதில்கள் வந்து கொட்டின. பெங்களூரிலிருந்து ஒரு பெண் எழுதியதைத்தான் முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இத்தன நாளா எங்கப்பா எங்கிட்ட பொய் சொல்லிட்டு இருந்தது இப்பத்தாங்க தெரிஞ்சுது."

அன்னூரில் தண்ணீர் வந்தது

ஆஸ்திரேலியாவிலிருந்தும் பதில் வந்தது. வேலுச்சாமி ஐயாவின் மகன், கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டிருக்கிறார். காயில் கேள்வி வந்ததும் ஐயா உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டாராம். மோட்டார் எரிவதும், இவர் காயில் கட்டி மறுபடி இறக்குவதுமாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிற மகனைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று வாயே திறக்கவில்லை. பாதி வாழை காய்ந்த பிறகுதான் மகனுக்கு விஷயம் தெரிந்தது. அந்தக் காய்ந்த தோட்டத்திலிருந்துதான் எனக்குத் தார் வந்திருக்கிறது. மகன் பணத்தை அனுப்பிவிட்டு, உடனே எங்கள் மோட்டார் ஒன்றைப் புதிதாக இறக்கச் சொல்லியிருந்தார்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் எங்கள் வண்டி அன்னூர் போனது. துரைசாமி அண்ணனோடு நானும் போனேன், நம்ப மாட்டீர்கள், முதலாளியும் வந்தார். குழாயில் தண்ணீர் பீறிட்டு வந்தபோது மகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னிடம், கையேடு படித்தவர்கள் இன்ன கோளாறு என்று சொல்லியே கூப்பிடுகிறார்கள், ஒரே நடையில் வேலை முடிந்துவிடுகிறது என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். ஐயா வாய்க்காலில் கால் நனைய நின்றார், முதலாளியைப் பார்த்துத்தான் பேசினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தன வருசமா 'சாப்டீங்களா'ன்னு கேட்டுப்போட்டு வெச்சுருவானுங்க. இப்பத்தான் ஸ்டார்ட்டர்ல எத்தன லைட்டு எரியுதுன்னு கேக்கறான். ஊட்ல இருக்கறாப்லயே இருக்குதுங்க."

ஆடிப் பதினெட்டு

மறுநாள் காலை ஆபீசில் நுழையும்போதே சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆர்டரும், பெங்களூரிலிருந்து இரண்டும் வந்திருந்தன. ராஜேஸ்வரி அக்கா பில் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் என்னிடம் ஸ்வீட் கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசையில் சிவகாசிக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் விரித்திருந்தது. வாரண்டி கார்டுக்குத்தான் திரும்பப் போகிறேன் என்று நினைத்தேன்.

"காலண்டரும் அடிப்போம், உங்க மெயிலும் ஓடட்டும் அம்மணி. அட்டைல அந்தக் கியூ.ஆர். கட்டத்தப் போட்டுருங்க. அப்பா தேதி கிழிக்கட்டும், பையன் மெயில் படிக்கட்டும்."

ஆக, கிணறு வைத்திருக்கிற ஒருவர் பெயர்கூட இல்லாத ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு போர்வெல் மோட்டார் விற்கிறேன், ஓசியில் கொடுப்பதற்குப் பதிலாக வந்து சேரும் வாழைத்தார்களை எங்கே வைப்பது என்பது ஒன்றுதான் இப்போது என் கவலை.