சந்தனம் வைத்த கீபோர்டு

எங்கள் வீட்டில் சத்தம் ஆகாது. பாத்திரத்தை வைத்தால் சத்தம் வரக்கூடாது, கதவைச் சாத்தினால் சத்தம் வரக்கூடாது, நடந்தால் கொலுசு கேட்கக்கூடாது. கல்யாணமாகி மேற்குத் தாம்பரத்துக்கு வந்த முதல் வாரமே என் மாமியார் இதையெல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளி மின்சார ரயில் தடதடத்துக்கொண்டு போகும். அதை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்படிப்பட்டவர் என்னை வேலைக்கு அனுப்பச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அந்த டி.டி.பி. கடை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்ததுதான். மாடி ஜன்னலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடியே என் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். "இந்தக் கடைன்னா போ. இது இல்லன்னா வேற எங்கியும் வேணாம்" என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். கடை போனால் அடுப்படிதான் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் கீபோர்டு பழசு. அடியில் இரும்புத் தகடு வைத்து, தூக்கினால் அம்மிக்கல் மாதிரி கனக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். நான் டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஹையர் முடித்தவள். இரும்புக் கட்டைகளைக் குத்திக் குத்திப் பழகிய விரல்கள் எனக்கு. வீட்டில் பூனை மாதிரி நடந்துவிட்டு வந்து அந்தக் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. அதன் மேல் எனக்கு இருந்தது பைத்தியம் என்றே சொல்லலாம். சாயந்திரம் கிளம்பும் முன் பழைய வேட்டித் துணியால் துடைத்து, மூடி வைத்துவிட்டுத்தான் போவேன்.

கடை முதலாளி நல்ல மனிதர், ஆனால் முதல் போட்டது அவருடைய மச்சான். அந்த மச்சானுக்குப் பழசு என்றாலே ஆகாது. புதுக் கீபோர்டு ஒன்றை வாங்கி, பெட்டியோடு பீரோ மேல் வைத்திருந்தார். ஒருமுறை அதில் என்னை அடித்துப் பார்க்கச் சொன்னார். விரலை வைத்தாலே எழுத்து விழுந்தது. கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் ஊரே மாறிப்போனது. "பழசு இன்னொரு வாட்டி மக்கர் பண்ணுச்சின்னா காயலான் கடைதான். கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்ச பொண்ணு ஒண்ணு ரெடியா கீது" என்றார். என்னைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துத்தான் சொன்னார். சொன்னது யாருக்கு என்று எனக்கா தெரியாது?

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. முதலாளி பல வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். அங்கே பூஜையன்று ஒவ்வொரு மிஷினிலும் ஒவ்வொரு எழுத்துக் கட்டைக்கும் சந்தனப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். டைப்ரைட்டரில் அது தப்பில்லை. சந்தனம் வழிந்தால் இடுக்கு வழியாக மேஜையில் சொட்டும், துடைத்துவிட்டால் போச்சு. அன்றைக்கு நான் மாமியாரோடு குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருந்தேன். நான் இல்லாத நேரத்தில், அதே பக்தியோடு, பன்னீரில் குழைத்த சந்தனத்தை அந்தக் கீபோர்டின் எல்லா எழுத்துகளுக்கும் அவர் வைத்திருக்கிறார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் துணியை விலக்கினேன். பொட்டுகள் காய்ந்து வெடித்திருந்தன. கட்டைகளுக்கு நடுவிலெல்லாம் மஞ்சளாக வழிந்த தடம். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் கீபோர்டு எர்ரர் என்று வந்து நின்றது. இரண்டாம் முறை எப்படியோ உள்ளே போனது. ஆனால் தொடுவதற்கு முன்பே 'க' ஓட ஆரம்பித்தது. க, க, க என்று திரை முழுக்கக் காக்கைக் கூட்டம்.

"என்னம்மா ஆச்சு?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

"சார், சந்தனம் உள்ள எறங்கியிருக்கு சார்."

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "பதினோரு மணிக்கு மச்சான் வரேன்னான்மா" என்றார்.

மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிப்போய் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்தேன். கொண்டையிலிருந்து இரண்டு ஹேர்பின்னை உருவி, கட்டைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, செய்தித்தாளில் அதே வரிசையில் பரப்பினேன். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் தோய்த்துத் தோய்த்து உள்ளே துடைத்தேன். சந்தன வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்து குமட்டியது. இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் 'க'தான் ரொம்ப மோசம். அதன் ஸ்பிரிங் ஏற்கெனவே தேய்ந்து நொந்திருந்தது. சந்தனப் பிசினிலிருந்து இழுத்ததில் நீண்டுபோய் வந்துவிட்டது.

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"இன்னா மாமா, பூஜ போட்டு ஒரு நாள் ஆவல, அதுக்குள்ள பிரிச்சிப் போட்டுகினு கீறீங்க?" என்று மச்சான் உள்ளே வந்தார். செய்தித்தாளில் கிடந்த கட்டைகளைப் பார்த்தார். "இந்தம்மா குத்துற குத்துக்கு இரும்பே தாங்காது. நான் அப்பவே சொல்லல?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பொட்டு வைத்தது யார், பழி யாருக்கு? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும்.

மச்சான் பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கி மேஜையில் வைத்தார். "டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள இது ஓடலன்னா புதுச மாட்டிட்டு, நாளைலேந்து அந்தப் பொண்ண வரச் சொல்லிடுறேன்."

அவர் படி இறங்கியதும் எதிரே எங்கள் வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் மாமியார் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எங்கள் வீட்டு வாசலில் தெரிந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவரைக் கீரைக்காரி மறித்துப் பேச ஆரம்பித்தாள். சரிதான், கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். எல்லாம் ஒரே நேரத்தில்தானே வரும்.

ஸ்பிரிங் வேண்டும். எங்கே போவது? கீபோர்டின் மூலையில் ஸ்க்ரோல் லாக் என்று ஒரு கட்டை. அந்தக் கடையில் ஒருநாளும் யாரும் அதைத் தொட்டதில்லை. அதை நெம்பினேன். அதன் ஸ்பிரிங் புத்தம் புதுசாகப் பளபளத்தது. அதை எடுத்து 'க'வுக்குள் இறக்கினேன். கட்டைகளை அழுத்தி அழுத்திப் பொருத்தினேன். வயரைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டேன்.

கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. கீபோர்டின் மூலையில் சின்ன விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்தன. எர்ரர் என்று வரும் இடத்தில் என் கண் குத்திட்டு நின்றது. அந்த வரி வரவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பூஜைக்கு முந்தின நாள் பாதியில் விட்ட கல்யாணப் பத்திரிகையைத் திறந்தேன். வண்டலூர்ப் பெண், காட்டாங்குளத்தூர் மாப்பிள்ளை. மச்சான் மேல், காலண்டரைப் பார்த்த முதலாளி மேல், தெருவில் வந்துகொண்டிருந்த மாமியார் மேல், எல்லார் மேலும் இருந்த ஆத்திரத்தையும் விரலில் இறக்கி அடித்தேன். ஒவ்வொரு 'க'வும் ஒரே ஒரு தடவைதான் விழுந்தது. மச்சான் எப்போது திரும்பி வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. "ஓடுது போல கீதே" என்று முணுமுணுத்தது மட்டும் காதில் விழுந்தது. பெட்டி மறுபடி பீரோ மேல் ஏறியது.

தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தேன். மாமியார் கடைப் படிவரை வந்திருந்தார். என்னைப் பார்த்தார். திரும்பி, தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

இன்றைக்கு நல்ல மண்டகப்படி இருக்கிறது என்று சாயந்திரம் பயந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். அவர் காபி கலந்து வைத்திருந்தார். குடித்து முடித்து டம்ளரைக் கழுவினேன். நானே கேட்டுவிட்டேன்.

"காலைல கடைக்கு எதுக்கு வந்தீங்க அத்தை?"

"காலைலேந்து உன் டக் டக் சத்தமே கேக்கல" என்றார். "அந்த மச்சான்காரன் வேற வந்து எறங்குனான். உன்ன வூட்டுக்கு அனுப்பப் போறான்னு நெனச்சேன். எங்க பொண்ண எப்டிடா நீ அனுப்புவன்னு நாலு கேள்வி கேக்கலாம்னுதான் வந்தேன்."

கழுவிய டம்ளரைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்புறம்?"

"படி ஏறச்சே சத்தம் கேட்டுச்சு. திரும்பிட்டேன். தெனம் அது கேட்டாத்தான் எனக்குக் கை வேல ஓடுது" என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டம்ளரை அலமாரியில் வைத்தேன். கண்ணீர் மறைத்ததில் அது 'டங்' என்று இடித்துச் சத்தம் போட்டது. அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.