மணியடிப்பதற்குள் ஒரு பஞ்சர்

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மேலதிகாரி இரண்டு: வேலையிடத்தில் ஒருவர், பின்சக்கரம் ஒன்று. இரண்டில் பின்சக்கரம்தான் கண்டிப்பானது என்று, என்னைப் போல் அவதிப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் இருந்து செம்பட்டி சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாகப் போய்வந்தேன். வழியெல்லாம் கருவேல முள். பஞ்சர் ஒட்ட ஒரு கடை கிடையாது. அடிக்கடி தாமதம். "இன்னொரு நாள் மணியடிச்சப்புறம் வந்தீகன்னா, நான் வேற டீச்சரப் பாத்துக்கிருவேன்" என்றார் தலைமையாசிரியை. சைக்கிள் வேலையை நானே பழகிக்கொள்வது என்று அன்றே முடிவு செய்தேன். எனக்கு வராத வேலை என்று ஒன்று உண்டா என்ன!

சாம்பார் கரண்டி

டயரைக் கழற்ற லீவர் வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டு சாம்பார் கரண்டி. அவற்றின் காம்பை விட்டு நெம்பி, ட்யூபை எடுத்து, அண்டாத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டேன். அருமையான ஒட்டு. காலையில் பார்த்தால் காற்று இல்லை. மறுபடி ஒட்டினேன், மறுபடி இறங்கியது. கரண்டிகள் கோணிப்போனதுதான் மிச்சம்.

மட்டமான ட்யூப் என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடையில் இருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர், டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முள்ள உள்ளயே குடிவச்சுட்டு ட்யூபுக்கு வைத்தியம் பாக்குறியே!"

இடது பெடல்

அடுத்து இரும்புக்கடையில் நிஜமான லீவர் வாங்கினேன். பிறகு பம்பு. பிறகு ஸ்பேனர். ஸ்பேனர் கைக்கு வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. கடகடத்த பெடல்களை மாற்ற உட்கார்ந்தேன். வலது பெடல் சொன்ன பேச்சைக் கேட்டது. இடது பெடல் அசையவே இல்லை. அதற்கு மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது எனக்குத் தெரியாது. கழற்றுவதாக நினைத்துக்கொண்டு பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன், கடைசியில் ஸ்பேனர் மேலேயே ஏறி நின்றேன். பக்கத்து வீட்டுத் திரேசக்கா எட்டிப் பார்த்தார்: "ஏத்தா, ஊர்ல எல்லாரும் சைக்கிள் மேல ஏறுவாக, நீ என்ன ஸ்பேனர் மேல ஏறுற?"

வாய்க்கால் தண்ணீர்

வருடம் முடிவதற்குள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதும் சைக்கிளை முழுதாகப் பிரித்து ஓவராயில் பார்ப்பதும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிஸ்கட் டப்பாவில் சாமான்களை அடைத்து கேரியரிலேயே வைத்திருப்பேன். ஒரு நாள் காலை, நானே தாமதமாகப் பறந்துகொண்டிருந்தேன். பாதி வழியில், காற்றுப்போன தன் சைக்கிளோடு தலைமையாசிரியை நின்றிருந்தார்.

நின்றால் மணி அடித்துவிடும். நிற்காமல் போனால் மனுஷியா நான்? இறங்கினேன். தோட்டத்து வாய்க்காலில் ட்யூபை முக்கி, ஒட்டி, காற்றடித்து முடித்தபோது என் கடிகாரத்தில் பள்ளி தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. "மணியடிச்சிருப்பாகளே, டீச்சர்" என்றேன். அவர் டயரை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறினார்: "பாடம் நடத்த யாரு வேணாலும் கிடைப்பாக, டீச்சர். இதுக்கு யாரு இருக்கா? நீங்க எங்கயும் போயிராதீக."

ஆசிரியர் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறியவள் நான். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்ததென்னவோ பஞ்சர் ஒட்டத் தெரிந்ததுதான்.